பிறந்த நிறம்

பழைய நீலக் கார் ஒன்றின் கதவை ஓர் ஆட்டோ இடித்து நசுக்கிவிட்டது. பட்டறையில் கதவைத் தட்டி நிமிர்த்தியாயிற்று. இனி பெயின்ட்தான். அந்த ஒரு கதவுக்கு மட்டுமே சொந்தக்காரரிடம் வசதி இருந்தது. நிறம் பொருந்தாவிட்டால் காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

பெயின்டர் அந்தோணிசாமி புது டப்பாவைத் திறந்து கதவோரம் தடவிப் பார்த்தார். அந்த இடம் மட்டும் தனியாகப் பளபளத்தது.

"கம்பெனிப் புத்தகத்தில இருக்கிற நிறம் நான்," என்றது பெயின்ட். "நீங்க பிறந்தப்போ இப்படித்தான் இருந்தீங்க. மாறினது நீங்கதான்."

"இருபது வருஷம் வெயில்ல நின்னு மங்கிட்டேன் தம்பி. என்ன செய்ய?" என்றது கார்.

புது நிறத்தை மங்கவைக்க, அதில் கலப்பதற்காக அந்தோணிசாமி கறுப்பு டப்பாவை எடுத்தார். பெயின்ட் பதறியது. "என்னைக் கெடுக்கப் பார்க்கிறார்! நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலை. ஆனா நீ இப்படியே வந்தா நான் காயலான் கடைக்குத்தான் போகணும்."

கறுப்போடு கலக்காமல் திரிந்துபோகப் பெயின்டால் முடியும். கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கறுப்புக்கு இடம் விட்டது.

மறுநாள் சொந்தக்காரர் காரைச் சுற்றிவந்து, இடிபட்டது எந்தக் கதவு என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

வழியில் பெயின்ட் தன்னைத் தேடியது. "இதில எதுவரைக்கும் நான், எங்கிருந்து நீங்க?"

"தெரியலையேப்பா!" என்றது கார், சந்தோஷமாக.

பெயின்டுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாதி.