அரக்கனின் வசனம்

வெளிநாட்டில், வெஸ்ட்லி என்ற ஊரில் வாழும் தமிழர்களின் விழாமலர்கள் மூன்றுக்கு ஆசிரியராக இருந்தவர் சச்சிதானந்தன். மகள் துஷ்யா கணினியில் முதன்முதலாகச் செய்திருந்த காட்சி நாவலைப் பார்த்ததும் அவருக்கு இளக்காரமாய் இருந்தது. இருட்டுக் கோட்டை, கொம்பு முளைத்த அரக்கன், அவனிடம் அகப்பட்ட ராணி. மவுசைத் தட்டத் தட்டப் படம் மாறி, கீழே வசனம் ஓடியது.

"இதுக்குப் பேர் நாவலோ?" என்றபடி மவுசைத் தட்டினார்.

திரையில் அரக்கன் ராணியிடம் சொன்னான்: "நீ வாயைத் திறந்தால் எனக்குத்தான் வெட்கம்."

மறுபடி தட்டினார்.

"உன்னை இஞ்சை கூப்பிட்டதே என்ர பெரிய மனசு."

சச்சிதானந்தன் சிரித்தேவிட்டார். "அரக்கனெண்டால் உறுமவேணும், பிள்ளை. இவன் என்ன, நாள் முழுக்கக் குத்திக் காட்டிக்கொண்டு நிக்கிறான்? இப்பிடிப்பட்டவனோடை எந்த ராணி இருப்பாள்? எழுதத் தெரியாட்டி விட்டிடவேணும்."

"நான் படம் மட்டும்தான் கீறினனான், அப்பா. கதை எழுதினது அம்மா."

அவர் திரும்பிப் பார்த்தார். குசினி வாசலில் மனைவி சிவகாமி கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆர், இவளோ? ஒரு கடிதம் ஒழுங்கா எழுதத் தெரியாது. இந்த வசனமெல்லாம் எங்கையிருந்து சுட்டவள்?"

"உங்களிட்டையிருந்துதான்" என்றாள் சிவகாமி. "பதினெட்டு வருசமாய் நீங்கள் எனக்குச் சொன்னதுகள். ஒரு சொல்லும் மாத்தேல்லை."

சச்சிதானந்தனின் விரல் மவுசின் மேல் அப்படியே நின்றது.

"தட்டுங்கோ" என்றாள் அவள். "இன்னும் கனக்கக் கிடக்கு."