பன்னிரண்டாவது நிமிடம்

"இவன்தான் சார் என் பிள்ளையைக் கொன்னவன்!"

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கத்தில் அந்தத் தகப்பன் பாய்ந்து வந்து கார் எலக்ட்ரீஷியனின் சட்டைக் காலரைப் பிடித்தார். இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் கையைக்கூட உயர்த்தவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், நாலு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார்.

எதிரே கிடந்தது வண்டி. இரண்டே பேர் உட்காரக்கூடிய, முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூக்கு நசுங்கிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு, பிள்ளையின் சித்தி வீட்டுக்குப் போகிற மலைப்பாதையில் அது நடந்தது. வளைவில் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்து, வண்டி நேராகப் பள்ளத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயது.

"நான் ஊர்லயே இல்ல சார். போன்லதான் சொன்னாங்க." தகப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "லைட்டு அணையுதுன்னுதானே இவன்கிட்ட விட்டேன்? சரியாயிடுச்சு, தைரியமா ஓட்டுங்கன்னான் சார், பாவி!"

சொன்னது உண்மைதான். புதன்கிழமை வண்டியை எடுக்க வந்தபோது தகப்பன் ஒவ்வொன்றாகக் கேட்டார். ரிலே என்றால் என்ன, ஃபியூஸ் பெட்டியில் எந்த இடத்தில் இருக்கும், கெட்டுப்போனது எத்தனை நிமிஷம் தாங்கும்?

"தீப்பெட்டி மாதிரி இருக்கே, இதுதான் சார். லைட்டுக்குக் கரண்ட் இது வழியாத்தான் போவுது. உள்ள ஈயம் விரிசல் விட்டிருக்கு. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நல்லா எரியும், சூடேறினா பட்டுனு அணைஞ்சிடும்." இப்படி அக்கறையாகக் கேட்கிற ஆளை எங்கே பார்க்க முடிகிறது என்று எலக்ட்ரீஷியனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

கழற்றிய பழைய ரிலேயை ஒரு கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தார். ஷெட்டில் அதுதான் வழக்கம். புதுசு போடாமலே காசு வாங்கிட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் வாய் பேசக்கூடாது பாருங்கள்.

"இந்தாய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "தப்பு உன் மேலன்னா நீ உள்ள போறது நிச்சயம். ஷெட்டுக்கும் பூட்டுதான். வீடியோ ஓடுது. என் கண்ணு முன்னாடி திறந்து காட்டு."

எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஃபியூஸ் ஒன்றுகூடப் போகவில்லை. வயர்களும் சுத்தமாக இருந்தன. வெளியிலிருந்து ஒரு பேட்டரியைக் கொடுத்து, உடைந்த ஹெட்லைட்டுக்குப் பதில் ஒரு பல்பை மாட்டினார். பளிச்சென்று எரிந்தது.

"எரியுதேய்யா!"

"கொஞ்சம் பொறுங்க சார்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஷெட்டில் நாலு வண்டி நின்றது. புதுசை மாட்டினேனா? மாட்டினதாகத்தான் ஞாபகம். ஒருவேளை மறந்திருந்தால், ஐயோ, அந்தப் பையன் சாவு என் தலையிலா? பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டாவது நிமிடம் பட்டென்று அணைந்தது.

"பார்த்தீங்களா சார்! அதே கோளாறு! புதுசு போடவே இல்ல இவன்!" தகப்பன் மறுபடி பாய்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தலையசைக்க, எலக்ட்ரீஷியன் ரிலேயை மெல்லப் பிடுங்கித் திருப்பினார். அடிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், இது நான் கழட்டின பழசு சார்! கெட்டதைக் கழட்டினா அடியில நகப்பாலிஷ் வச்சிடுவேன், ஷெட்டுல நல்லதோட கலந்துடக் கூடாதுன்னு. என் நகத்துக்கு இல்லாத பாலிஷான்னு வீட்டுக்காரி தினமும் சண்டை சார். இதைத் திரும்ப யாரோ மாட்டியிருக்காங்க."

"பழசு யார்கிட்ட இருந்துச்சு?"

எலக்ட்ரீஷியன் தகப்பனைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

"என்ன சார் பார்க்கிறீங்க?" தகப்பனின் குரல் உடைந்தது. "ஒத்தைப் பிள்ளை சார் எனக்கு! தோள்ல தூக்கி வளர்த்தவன் சார் நான்! எம்புள்ளைய நானே கொல்லுவேனா?"

தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் துளிப் பொய் இல்லை. காலரைப் பிடித்தவர்தான் என்றாலும் எலக்ட்ரீஷியனுக்கே கண் கலங்கிவிட்டது. பாவம், இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்படுவதா? இன்ஸ்பெக்டரும் சங்கடத்தோடு தொப்பியைக் கழற்றினார்.

வந்ததிலிருந்து சுவரோரப் பெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்த தகப்பனின் மனைவி எழுந்து வந்தார். அழுகிற கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவர் அழுகிறது நிஜந்தான் சார். பிள்ளைன்னா இவருக்கு உயிரு. கிளம்புற நேரத்துல எனக்குத் தலை சுத்திடுச்சு. சித்தி வீட்டுக்கு நான் போயிட்டு வரேன், நீ படும்மான்னு எம்புள்ளதான் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிட்டுப் போனான்."

இன்ஸ்பெக்டர் புரியாமல் நின்றார். தகப்பனின் அழுகை சட்டென்று நின்றது.

"அன்னிக்கு அந்த வண்டியில போகவேண்டியவ நான் சார்."