உரக்கப் படி

"பரீட்சைக்கு இன்னும் பதினேழு மணி நேரந்தான் இருக்கு. உரக்கப் படிடி!" என்று அதட்டினாள் காத்தாயி.

அம்மாவின் கவலை பரீட்சையைப் பற்றியதல்ல என்று அம்சவல்லிக்குத் தெரியும். தலைக்கு மேலே, மூங்கில் பரணில், அப்பா இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

சம்பா அறுப்பு முடிந்ததும் கூலி நெல் ஏறுகிற பரண் அது. கூலியைக் கூட்டிக் கேட்டு, அறுக்க மறுத்து அரிவாளைக் கீழே வைத்ததற்கு அப்பா மேல் வழக்குப் போட்டார்கள். இந்த வருஷம் நெல்லுக்குப் பதிலாக அப்பா வீரையன் ஏறியிருந்தார். அவரோடு நின்ற இரண்டு பேரைப் போலீஸ் பிடித்துப் போனது. ஒருவர் கால் ஒடிந்து திரும்பினார். மற்றவர் இன்னும் திரும்பவில்லை.

அம்சவல்லி ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாள். நாட்டின் தலைவர் ஒருவர், வரப்போகும் இந்தியாவைப் பற்றிப் பேசிய பேச்சு. எட்டு நாளாக அதையே கத்திக் கத்திப் படிக்கிறாள். கத்தினால் இருமல் வெளியே கேட்காது.

எட்டு நாளாகப் போலீஸ் ஏட்டு துரைராசுவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் சைக்கிளைப் பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு, வாசலை மறைக்கும் தட்டிக்கு வெளியே நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும்.

"உள்ளே எத்தனை மூச்சுன்னு எண்ணுறான் பாவி," என்பாள் காத்தாயி.

இன்று தட்டி நகர்ந்தது. ஏட்டு குனிந்து உள்ளே வந்தார்.

"வாங்க ஏட்டய்யா. அவரு இங்க இல்லீங்க. பேராவூரணிப் பக்கம் தேங்கா உரிக்கப் போயிட்டாரு."

"நான் கேக்கலியே."

அவர் அம்சவல்லியின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, சென்டர் பாபநாசம்தானே? எந்த பஸ்ல போறே?"

"எட்டு மணி பஸ்ஸுங்க."

"எட்டு மணி," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிள்ளையை வைத்து அப்பனை மடக்கப் போகிறாரா? காத்தாயி மகளை ஒட்டி வந்து நின்றுகொண்டாள்.

"புஸ்தகத்தை மூடு. அந்தப் பேச்சைப் பாக்காம சொல்லு. மெதுவா."

அம்சவல்லி சொல்லத் தொடங்கினாள். பாதி வரை தடங்கல் இல்லை. அப்போது பரணிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பு இறங்கி, ஏட்டின் காக்கித் தோளில் உட்கார்ந்தது. அவள் கண் அந்தத் துரும்பிலேயே நின்றது.

"ம், அப்புறம்?"

அடுத்த வரி வரவில்லை.

"அப்புறம் என்ன?" ஏட்டின் குரல் உயர்ந்தது.

"நோ மேன் ஷேல் லிவ் இன் ஃபியர்."

சொன்னது அவள் அல்ல. குரல் பரணிலிருந்து வந்தது.

கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத அப்பா, எட்டு நாள் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். மகள் திணறியதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. எந்த மனிதனும் பயந்து வாழக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அது அவருக்குத் தெரியாது.

காத்தாயி அப்படியே சரிந்து ஏட்டின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, அடிச்சிடாதீங்கய்யா... நெஞ்சுச் சளிக்காரருய்யா..."

ஏட்டு நிமிர்ந்து பரணைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது. விசிலை எடுக்கப் போகிறார் என்று நினைத்தாள் அம்சவல்லி. ஊதினால் போதும், கோயில் வாசலில் நிற்கும் போலீஸ் வேன் வந்துவிடும்.

விசில் இல்லை. நாலாக மடித்த ஒரு தாள். அப்படியானால் வாரண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கும் அந்த எடத்துலதாம்மா மறந்து மறந்து போவுது," என்றார் ஏட்டு, தாளைப் பிரித்தபடி. "ஹால் டிக்கெட்டு. பிரைவேட்டா எழுதி ரெண்டு தரம் இங்கிலீஷ்ல ஃபெயிலு. நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கும் இதே பரீட்சைதான்."

பிறகு வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பரணை நோக்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"வீரையண்ணே, அத இன்னொரு தரம் மெதுவாச் சொல்லுங்க."