எழுந்து நின்ற கேன்டீன்

பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனி கேன்டீனில் வயலினுடன் வந்து நின்றார் கிளாரா அம்மா. ஜெர்மனியிலிருந்து இந்தக் கம்பெனியிடம் ஷூ வாங்குகிறவரின் மனைவி. தானே இயற்றிய நவீன இசையைத் தொழிலாளர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

சூப்பர்வைசர் ஜான்சன், கூடியிருந்த இருநூறு பெண்களிடமும் மெதுவாகக் கெஞ்சினார். "யாரும் சிரிச்சிடாதீங்கம்மா. அவங்க கோச்சிக்கிட்டா ஆர்டரும் போய்டும், என் வேலையும் போய்டும்."

"பாட்டு கேட்டு யாராவது சிரிப்பாங்களா சார்?" என்றாள் தையல் பிரிவு பாக்யலட்சுமி.

வயலின் கீச்சிட்டது, முனகியது, நடுவில் சும்மா இருந்தது. முன்வரிசையில் இரண்டு கொட்டாவி. ஜான்சன் ஏசுவை வேண்டிக்கொண்டார். கடைசியாக ஒரே ஒரு ஸ்வரம், அடியிலிருந்து உச்சிக்கு ஏறி, அங்கேயே நீளமாக நின்றது.

அவ்வளவுதான். இருநூறு பெண்களும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள்!

கிளாரா அம்மாவுக்குக் கண் கலங்கியது. "எங்கள் ஊரில் பாதியிலேயே போய்விடுவார்கள். இவர்கள் கைதட்டக்கூட மறந்து நிற்கிறார்களே!" என்று ஜான்சனின் கையைக் குலுக்கினார்.

ஜான்சன் பாக்யலட்சுமியிடம் ஓடினார். "இன்னாம்மா, எனக்கே புரியல, உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"எங்க சார் புரிஞ்சுது? நடுவுல சும்மா இருந்தாங்களே, அது நல்லா இருந்துச்சு. மெஷின் சத்தத்துல கெடக்கிற காதுக்கு ரெஸ்ட்டு."

"அப்புறம் ஏன் எழுந்தீங்க?"

"கடைசில நீளமா சாப்பாட்டுச் சங்கு ஊதிச்சே சார்!"

அப்போதுதான் ஜான்சன் கவனித்தார். தட்டுவதற்கு ஒருத்திக்கும் கை ஒழியவில்லை. எல்லார் கையிலும் டிபன் பாக்ஸ்.