கால்வாய்க்கரை ஓட்டு

அந்தத் தொகுதியில் யார் ஜெயிப்பது என்பதைப் பல தேர்தல்களில் கால்வாய்க்கரைக் குடிசைகள்தான் முடிவு செய்தன. பிறகு குடிசைகளை இடித்து, எல்லோரையும் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். ஓட்டு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. தேர்தலன்று கட்சிக்காரர்கள் வேன் வைத்து அழைத்துவந்தார்கள்.

சகாயமேரி ஒரு தேர்தலையும் விட்டதில்லை. அவள் மகன் ஜெயசீலன், குடிசைகளை இடிப்பதற்கு முன்பே வீட்டில் கோபித்துக்கொண்டு போனவன். திரும்பி வந்திருந்தால் வெறும் மண்ணைத்தான் பார்த்திருப்பான். புது இடம் அவனுக்குத் தெரியாது. ஆனால் தேர்தலன்று கரைக்காரர்கள் எல்லோரும் ஓட்டுப் போடக் கால்வாய்ப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்கு வருவார்கள் என்று தெரியும். அதனால் ஓட்டுப் போட்ட பின்னும் அவள் பள்ளி வாசலிலேயே நிற்பாள்.

இந்த முறை அவள் ஓட்டுப் போட்டு வந்ததும், திரும்பிப் போகும் வேனில் ஏறச் சொல்ல வந்த கட்சிக்காரர் கஜபதி, நல்ல சேதி போலச் சொன்னார்: "இதான்க்கா கடைசி. தொகுதியப் பிரிச்சிட்டாங்க. அடுத்த எலெக்சன்ல உங்களுக்கெல்லாம் அங்கயே பூத்து. இனிமே அலைய வாணாம்."

"அவன் இங்கதான வருவான்?" என்றாள் சகாயமேரி.

கஜபதி மற்றவர்களை ஏற்றிவிட்டார். வேன் அவள் இல்லாமல் போனது.

வாக்குப்பதிவு முடிந்து மெஷின்களை வண்டியில் ஏற்றினார்கள். கேட்டைச் சாத்த வந்த போலீஸ்காரர், "ஓட்டுப் போட்டாச்சில்லம்மா? கெளம்புங்க" என்றார்.

"நான் போட்டுட்டேன் சார். இன்னும் ஒருத்தன் வரணும்."

"டைம் முடிஞ்சிபோச்சே."

"ஓட்டுப் போட இல்ல சார்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு, மற்றதை அப்படியே விட்டார்.