அமாவாசைக்கு அமாவாசை

மனிதர்கள் கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்த பிறகும் ஹேமாவதி தன் பழைய டாக்சியைக் கொடுத்துவிடவில்லை. கொளத்தூரில் வீட்டு வாசலிலேயே நிறுத்தியிருந்தாள். முப்பது நாளுக்கு மேல் அசையாமல் நிற்கும் வண்டியைத் தெருவில் பதித்த கருவி காட்டிக்கொடுத்துவிடும். மறுநாளே உடைக்க இழுத்துப் போய்விடுவார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் காலை, அமாவாசை. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். எதிர்வீட்டு ஜெரினாவும் இஸ்திரிக்கடை கதிரேசனும் அவளோடு சேர்ந்து தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. கருவி மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கியது.

வண்டி நகர்ந்த தகவல் கிடைத்து மாநகராட்சி ஆய்வாளர் வேகமாக வந்தார்.

"யாரும்மா ஓட்டுனது? ஜெயிலு, தெரியும்ல?"

"யாரும் ஓட்டல சார். தள்ளுனோம். தள்ளக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

அவர் கையிலிருந்த திரையில் வெகுநேரம் தேடினார். அப்படி எதுவும் இல்லை.

"ஓட்டவே முடியாத வண்டிய வெச்சு என்னம்மா பண்ணப்போற?"

"சட்டம் ஒருநாள் மாறும் சார். அன்னிக்கு வண்டி இருக்கணும்ல?"

நசுங்கிய பழங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த அமாவாசைக்கும் வாங்க. தள்ள ஒரு ஆள் குறையுது."