பேஸில் வைத்த கால்

பள்ளிகளுக்கிடையிலான சாஃப்ட்பால் ஆட்டத்தில் சுகிர்தா அடித்த பந்தைப் பாய்ந்து பிடித்த எதிரணி மெர்லின், நடுவர் அவுட் என்று கை தூக்கியதும் எழுந்து வந்து, “தரையில பட்டுதான் சார் எடுத்தேன்” என்றாள். அதுதான் கடைசி அவுட். அவளுடைய அணி அதற்குள் ஜெயித்துவிட்டதாகக் குதிக்கத் தொடங்கியிருந்தது. நடுவர் தீர்ப்பை மாற்றி, சுகிர்தாவை ஓட்டக்காரர்கள் நிற்கும் முதல் தட்டான முதல் பேஸில் நிற்கச் சொன்னார்.

சுகிர்தாவின் பி.டி. டீச்சர் கோட்டோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். “ஜெயிச்ச மேட்ச்சை எவளாவது சும்மா விட்டுக் குடுப்பாளாடி? என்னமோ பிளான் இருக்கு. அவ மேலயே கண்ணு வெச்சுக்க. அவசரப்பட்டு காலை எடுத்துடாத.”

அடுத்தவள் அடித்த பந்து எல்லோரையும் தாண்டி உருண்டது. மெர்லின் அதைத் துரத்தவில்லை. இரண்டாம் பேஸில் போய் நின்றுகொண்டாள். அடித்தவள் முதல் பேஸுக்கு வருவதால், பந்து போய்ச் சேருமுன் சுகிர்தா இரண்டாம் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். மெர்லின் மேலேயே கண் வைத்திருந்தவளுக்குக் கால் எழவில்லை.

“ஓடுடி!” என்று டீச்சரே கத்தினார். பந்தை அடித்தவளும் ஓடிவந்து சுகிர்தாவை ஒட்டி அதே பேஸில் ஏறினாள். தூரத்திலிருந்து அவள் அணி எறிந்த பந்து நிதானமாக மெர்லின் கைக்கு வந்து சேர்ந்தது. சுகிர்தா அவுட் என்று நடுவர் மறுபடியும் கை தூக்கினார்; ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் கைகுலுக்க வரிசையில் நின்றார்கள். மெர்லின் நேராக முதல் பேஸுக்கு வந்து கையை நீட்டினாள்.

சுகிர்தா இன்னும் காலை எடுக்கவில்லை.

“இப்ப எதுக்கு? இதுல என்ன பிளான்?” என்றாள்.